அக்கா பேரில் ஓட்டிய பிட்

மிரெல்லா டெல் ரியோவைத் தெரியுமா என்று கேட்டால், எங்கள் நாட்டில் அறுபதைத் தாண்டிய ஆண்களில் சிலர் இன்றைக்கும் ஒரு மாதிரி சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். சந்தையில், பஸ்ஸில், ஒரு தடவை என் சொந்தப் பேரனின் ஞானஸ்நான விருந்தில் கூட அதைப் பார்த்திருக்கிறேன். விருந்தில் சிரித்தவனின் தட்டில் நான் பரிமாறிய சோறு இருந்தது. தட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

அவள் என் அக்கா. நிஜப் பேர் ப்ளோர்டெலிசா. நாங்கள் டெலிசா என்போம். நான் சாலிங், அவளுக்கு மூன்று வயது இளையவள். எங்கள் ஊர் புலான், பிகோல் பக்கத்துக் கடற்கரை ஊர். அப்பா ஊர் பேண்டில் டிரம்பெட் வாசிப்பவர். திருவிழாவோ, கல்யாணமோ, சாவோ, அப்பாவின் ஊதலில்லாமல் எங்கள் ஊரில் எதுவும் நடந்ததில்லை. அக்கா அவருடைய மூச்சையும் அம்மாவின் வாயையும் சேர்த்துக்கொண்டு பிறந்தவள். பள்ளி நாடகத்தில் ஏரோது ராஜாவாக நடித்துக் கன்னியாஸ்திரீகளையே பயமுறுத்தினாள்.

மணிலாவுக்குப் போய் சினிமாவில் சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. சரேனாஸ் பிக்சர்ஸ் முதலாளி டான் அம்ப்ரோசியோ சரேனாஸ் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கண்ணு நல்லாருக்கு. நிறம்தான் உதவாது. வேலைக்காரி வேஷத்துக்கு வெச்சுக்கோங்க" என்றாராம். ஸ்பானியப் பேரை மட்டும் அவரே வைத்தார். வெள்ளைக்காரப் பேர், வேலைக்காரி முகம்!

அடுத்த எட்டு வருஷம் அவள் திரையில் செய்ததெல்லாம் கதவைத் திறப்பது, காப்பி கொண்டுவருவது, வெள்ளைத் தோல் கதாநாயகியிடம் அறை வாங்குவது. அறை நிஜ அறை. "அப்பத்தான் முகத்துல உணர்ச்சி வரும்" என்பார்கள். அறைந்தவளுக்கு உணர்ச்சி வராததால் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். கன்னம் வீங்கி வீட்டுக்கு வருவாள். அப்போது நானும் மணிலாவில் அவளோடு தங்கித் தையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரத்துணி வைக்கப் போனால் கையைத் தட்டிவிடுவாள்.

"துணி வேணாம்டி. மிளகா அதிகமா போட்டு ஏதாவது சமை. தின்னுட்டாவது அழறேன். இவனுங்களுக்காக அழ மாட்டேன்."

பிறகு ஒரு டைரக்டர் வந்தார், வால்டெரமா என்று. அமைதியான மனுஷர். சலவைக்காரி ஒருத்தியின் கதை எடுக்க நினைத்தார். ஊரெல்லாம் துணி வெளுத்து மகனைப் படிக்கவைத்து, அந்த மகனே அவளை அம்மா என்று சொல்ல வெட்கப்படும் கதை. பவுடர் பூசிய முகம் எனக்கு வேண்டாம், அந்தக் காப்பி கொண்டுவருகிற பெண்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். குறைந்த செலவில் முடியும் என்று முதலாளியும் சம்மதித்தார். 1971இல் படம் வந்தது. அதன் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பேரைச் சொன்னாலும் சிலர் சிரிப்பார்கள்.

மணிலாவில் பார்த்தவர்கள் அழுதுகொண்டே வெளியே வந்தார்கள். நான் ஊருக்கு ஓடினேன். படம் புலானுக்கு வரும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று ஆசை.

எங்கள் ஊர் தியேட்டரில் அப்பா ஒரு வரிசை முழுக்கப் பிடித்துவைத்திருந்தார். பேண்டுக்காரர்கள், அத்தைமார், அம்மாவின் ஜெபக் குழுப் பெண்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வந்திருந்தார்கள். அக்கா முகம் திரையில் வந்ததும் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அப்பா பக்கத்திலிருந்தவர் முழங்காலைத் தட்டி, "என் பொண்ணு, என் பொண்ணு" என்றார். அவருக்குத் தெரியாதது போல!

இடைவேளைக்குப் பிறகு ஆற்றங்கரைக் காட்சி. மகன் அவளைத் தெரியாது என்று சொல்லிவிட்ட மறுநாள். அக்கா தனியாகத் துணியைக் கல்லில் அடிக்கிறாள், பேச்சே கிடையாது. அவள் கையை ஓங்குகிறாள். அதோடு படம் குதித்தது. நிறம் மாறியது. வேறு தண்ணீர், வேறு வெளிச்சம். ஒரு பெண் ஆடையில்லாமல் குளித்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை, மற்றதெல்லாம் தெரிந்தது.

பிட்.

தியேட்டர் கூரை பிய்ந்துபோகிற மாதிரி விசில். "மிரெல்லா! மிரெல்லா!" என்று கத்தினார்கள். எங்கள் தெருப் பையன்கள்தான், அக்காவை நேற்றுவரை அக்கா என்று கூப்பிட்டவர்கள். எவனோ இருட்டில், "டிரம்பெட் மாமா, உங்க வாத்தியம் ரொம்ப நல்லாருக்கு!" என்றான். அப்பா எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், நாற்காலிகளில் இடித்துக்கொண்டே வெளியே போனார்.

அது அக்கா இல்லை என்று எனக்கு அந்தக் கணமே தெரியும். ஒரே கிணற்றடியில் சேர்ந்து குளித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவள் தோளும் முதுகும் எனக்குத் தெரியாதா? அம்மாவுக்கும் தெரியும். ஆனால் யாரிடம் போய் என்னவென்று சொல்வது? அது என் அக்கா உடம்பில்லை, அவள் உடம்பு வேறு மாதிரி இருக்கும் என்றா? அதைச் சொன்னாலே இன்னொரு விசில் வரும். அயோக்கியர்கள் அதையும் யோசித்துத்தான் செய்திருந்தார்கள். மறுக்கவேண்டுமென்றால் அவிழ்த்துக் காட்டவேண்டும்.

நான் அந்த வாரமே பஸ் ஏறி மணிலா போய் அக்காவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். பானையை அப்படியே கீழே வைத்தாள்.

"அப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை."

"ஒண்ணுமேவா?"

"வீட்டை விட்டு வெளிய வரலைக்கா. திருவிழா ஊர்வலத்துக்கு அவரு வேணாம்னு பேண்டுக்காரங்க சொல்லி அனுப்பிட்டாங்க."

கையிலிருந்த ஈரத்தைக் கூடத் துடைக்காமல் செருப்பை மாட்டினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

டான் அம்ப்ரோசியோ தன் ஆபீஸில் வறுத்த வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார். கடைசிவரை கொறிப்பதை நிறுத்தவில்லை.

"மணிலா பிரிண்டுல அது இருக்கா? இல்லல்ல? அப்புறம் என்ன? வெளியூர் தியேட்டர்காரன் எதை வேணா ஒட்டுவான். எனக்கு என்ன தெரியும்?"

"என் பேர்ல ஒட்டியிருக்கான் முதலாளி. எங்க அப்பன் பாத்திருக்காரு."

"படம் ஓடுதுல்ல, பொண்ணே? அழுமூஞ்சிப் படம் வெளியூர்ல ரெண்டு நாளைக்கு மேல ஓடாது. இது மூணாவது வாரம் போகுது. வால்டெரமாவா ஓட்டினான்? உன் கண்ணீரா ஓட்டுச்சு?" கடலைத் தோலை ஊதினார். "கோவப்படாதே. அடுத்த படத்துலயும் நீதான் ஹீரோயின். ஆனா இந்தத் தடவை நீயே செஞ்சுடு. வேற எவளையாவது தேடற வேலை மிச்சம்."

அக்கா மேஜைமேல் இருந்த கடலைத் தட்டை எடுத்து அவர் தலையில் கவிழ்த்தாள். எட்டு வருஷத்தில் அவள் இன்னொருத்தர் மேல் கை வைத்தது அன்றுதான் முதல் தடவை. ஆபீஸ் ஆட்கள் வந்து எங்களைத் தெருவில் தள்ளினார்கள். நடைபாதையில் விழுந்து எழுந்தவள் திடீரென்று என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"சாலிங், கேட்டியா? 'வேற எவளையாவது தேடற வேலை'ன்னான். அவன்தான்டி தேடியிருக்கான். தியேட்டர்காரன் இல்ல."

அவள் ஒரு சினிமாப் பத்திரிகைக்காரனிடம் போனாள். அவன் அனுதாபத்தோடு தலையாட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அது நானில்லை! மிரெல்லா கதறல்" என்று தலைப்புப் போட்டான். அது வந்த வாரத்திலிருந்து வெளியூர்த் தியேட்டர்களில் கூட்டம் இரண்டு மடங்கானது. ஒரு ஊரில் வாசலில் பலகையே வைத்தார்களாம்: "ஆற்றங்கரைக் காட்சியைத் தவறவிடாதீர்கள். அவரா, அவரில்லையா? நீங்களே சொல்லுங்கள்!" டைரக்டர் வால்டெரமாவிடமும் போனோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நெகடிவ் அவர் கைல இருக்கும்மா, நான் என்ன பண்ணுவேன்" என்றார். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்கள் தலையைக் குனிந்துகொண்டே இருந்ததால்தான் அவர்கள் தலைக்கு மேலே எல்லாம் நடந்தது.

அக்கா ஊருக்குக் கிளம்பினாள், நானும் கூடவே. நேரே வீட்டுக்குப் போவாள் என்று நினைத்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தியேட்டருக்குத்தான் போனாள். பகல் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கப் படியேறி ஆபரேட்டர் அறைக்குள் புகுந்தாள். ஆபரேட்டர் இசியோ அண்ணன் அப்பாவின் பழைய பேண்டுக்காரர். இவளைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"டெலிசா... நான் கூலிக்காரன்மா..."

"அண்ணே, அந்தத் துண்டு எங்கேர்ந்து வந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் ஒரு சின்னத் தகரப் பெட்டியை எடுத்துக் காட்டினார். மற்றப் பெட்டிகளோடு சேர்ந்தே மணிலாவிலிருந்து வந்தது. மேலே சரேனாஸ் பிக்சர்ஸ் முத்திரை. எல்லா ஊருக்கும் இப்படித்தான் போகிறது என்றார். சொல்லும்போது அவருக்கு அழுகை வந்தது. அக்கா அதைப் பார்த்து இரங்கவில்லை.

"நிறுத்துங்க மிஷினை."

படம் நின்றது, விளக்கு எரிந்தது. கூட்டம் காலால் தரையை உதைத்தது. இசியோ அண்ணன் வெட்டியெடுத்துக் கொடுத்த துண்டைச் சுருட்டிப் பெட்டியில் போட்டு, கையில் பிடித்துக்கொண்டு திரைக்கு முன்னால் போய் நின்றாள். நான் கதவோரம் நின்றேன்.

"இதைப் பாக்கத்தானே வந்தீங்க? இதோ என் கைல இருக்கு. இது நான் இல்ல. மணிலாவுல ஒரு திருடன் எவளையோ படம் பிடிச்சு என் பேர்ல ஒட்டி உங்களுக்கு அனுப்பியிருக்கான். நீங்க எங்க அப்பா ஊத, கல்யாணம் பண்ணவங்க. உங்க அப்பன் ஆத்தா பொணத்துக்கு முன்னாடி எங்க அப்பா ஊதிட்டுப் போனாரு. அவரை வீட்டுக்குள்ள அடைச்சுட்டு இங்க உக்காந்து விசில் அடிக்கிறீங்க!"

பின் வரிசையிலிருந்து ஒருத்தன், "நீ இல்லன்னா நிரூபிச்சுக் காட்டு!" என்றான். சிரிப்பு வெடித்தது.

அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "யாரு, வலை பின்ற பெசியோ மவனா? எழுந்து நில்லு. உங்க அம்மா மீன் கடையிலதான் இருக்கா. கூட்டிட்டு வரச் சொல்றேன். அவ காதுல விழற மாதிரி இதே வார்த்தையை இன்னொரு தடவை கேளு."

அவன் எழுந்திருக்கவில்லை. சிரிப்பும் நின்றது. ஆனால் யாரும் கைதட்டவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு என்று வாசலில் சண்டை போட்டவர்களும் உண்டு.

வீட்டில் அப்பா டிரம்பெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா எதிரே நின்றாள்.

"அப்பா, அது நானில்ல. நம்பறீங்களா?"

"நீ சொன்னா நம்பறேன்மா."

"நான் சொல்றதுக்கு முன்னாடி?"

அப்பா துடைப்பதை நிறுத்தவில்லை, பதிலும் சொல்லவில்லை. அம்மா சோறு போட்டாள். அக்கா சாப்பிடாமல் அன்று மாலைப் பஸ்ஸிலேயே திரும்பினாள். ஊர்க்காரர்களைக்கூட அவள் பின்னாளில் மன்னித்திருக்கலாம், எனக்குத் தெரியாது. அப்பாவின் அந்த மௌனத்தை மன்னிக்கவில்லை.

மணிலாவில் எங்கள் அறை ஜன்னலில் அந்தப் பிலிம் சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். திரையில் ஓடும்போது முகம் தெரியாதபடி எடுத்திருந்தார்கள். ஆனால் கடைசி நாலைந்து கட்டத்தில், திரையில் கண்ணுக்குப் பிடிபடாத அளவில், கேமராவை நிறுத்துவதற்கு முன்னால், அந்தப் பெண் "போதுமா?" என்று கேட்பவளைப் போலத் திரும்பியிருந்தாள். அக்கா உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"இவ நெனித்தாடி! விளக்கு சரிபாக்கும்போது எனக்குப் பதிலா நிக்கவெப்பாங்களே, அந்தப் பொண்ணு."

மணிலா பக்கத்து நவோத்தாஸ் மீன்பிடித் துறைமுகத்தில் நெனித்தா மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். ரப்பர் பூட்ஸ், முழங்கைவரை செதில். அக்காவைப் பார்த்ததும் கையிலிருந்த மீனைக் கூடையில் எறிந்தாள்.

"ஓ, ஹீரோயினம்மா! என்ன, என்னால உங்க மானம் போச்சுன்னு கேக்க வந்தீங்களா? கேளுங்க. சத்தமாக் கேளுங்க. இங்க இருக்கவங்களுக்கு இன்னும் தெரியாது, தெரிஞ்சுக்கட்டும்!"

"உன்னைத் திட்ட வரலை. அவன் உன்கிட்ட என்ன சொல்லி எடுத்தான்?"

"சோப்பு விளம்பரம்னான். வெளிநாட்டுக்குப் போகுது, இங்க எவனும் பாக்க மாட்டான்னான். கழுத்துக்கு மேலதான் வரும்னான்." அவள் குரல் உடைந்தது. உடனே அதை மறைக்க இன்னும் சத்தமாகக் கத்தினாள். "அம்மணமா நின்னேன், போதுமா? குழந்தைக்குக் காய்ச்சல். நின்னேன். அப்புறம் என் மச்சான் லூசேனா ஊருக்குப் போனவன் அங்க படத்தைப் பாத்துட்டு வந்து, 'மிரெல்லா படம் செம'ன்றான். என் முன்னாடி! நான்தான்னு தெரியாம என் முன்னாடியே சொல்றான்!"

அக்கா தகரப் பெட்டியை அவளிடம் நீட்டினாள். நெனித்தா கையைப் பூட்ஸில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

"என் உடம்பு, உன் பேரு, அவன் காசு" என்றாள்.

டான் அம்ப்ரோசியோவின் அடுத்த படத்துக்குப் பூஜை போல ஒரு ஆசீர்வாதச் சடங்கு நடந்தது. கேமராவுக்கு மாலை, முழுசாகச் சுட்ட பன்றி, பத்திரிகைக்காரர்கள், தீர்த்தம் தெளிக்கப் பாதிரியார். புதுக் கதாநாயகி வெள்ளை உடையில், பால் நிறத்தில் நின்றாள். அழைப்பில்லாமல் மூன்று பேர் போனோம். நெனித்தா மேல் மீன் வாடை போகவேயில்லை. குளிக்காமலே வந்ததாகச் சொன்னாள், வேண்டுமென்றே.

பாதிரியார் கேமரா மேல் தீர்த்தம் தெளித்து ஜெபம் முடித்ததும், நெனித்தா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவர் கையில் பெட்டியைக் கொடுத்தாள்.

"ஃபாதர், இதையும் ஆசீர்வாதம் பண்ணிடுங்க."

"இது என்னம்மா?"

"இதுவும் இவரு கம்பெனிப் படம்தான். இதுல இருக்கறது நான். என்னை ஏமாத்தி எடுத்து, இதோ நிக்கிறாளே, இவ பேர்ல ஒட்டி ஊர் ஊரா ஓட்டினாரு. முத்திரை இருக்கு பாருங்க."

அக்கா முன்னால் வந்தாள். "பேனா வெச்சிருக்கவங்க எழுதுங்க. நான் கதறலை. நான் இவனைத் திருடன்னு சொல்றேன். ரெண்டு பொம்பளைங்க கிட்டத் திருடினவன். நான் சொல்றது பொய்னா என் மேல கேஸ் போடச் சொல்லுங்க."

டான் அம்ப்ரோசியோ சிரிக்கப் பார்த்தார். "பைத்தியங்க. காசு பறிக்க வந்திருக்காளுங்க" என்றார். பாதிரியார் பெட்டியின் முத்திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு தோள் துணியைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டு, பன்றிக்கறிக்கு நிற்காமல் வெளியேறினார். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த நீதி அவ்வளவுதான்.

மறுநாள் பத்திரிகை: "படத் துவக்கவிழாவில் முன்னாள் நடிகை ரகளை." முன்னாள்! ஒரே பகலில் அவளை முன்னாள் ஆக்கிவிட்டார்கள். எந்தக் கம்பெனியும் அதற்கப்புறம் அவளைக் கூப்பிடவில்லை, கதவைத் திறக்கும் வேஷத்துக்குக்கூட. வழக்கும் யாரும் போடவில்லை. அடுத்த வருஷம் ராணுவச் சட்டம் வந்து அந்தமாதிரிப் படங்களுக்குத் தடை விழுந்தது. டான் அம்ப்ரோசியோ புனிதர்களின் வாழ்க்கையைப் படமாக எடுக்கத் தொடங்கினார். ஒழுக்கத்தை வளர்த்ததற்காக அவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். மாரடைப்பில், மெத்தையில், பிள்ளைகுட்டிகள் சூழச் செத்தார்.

அக்கா ரேடியோ நாடகத்துக்குப் போனாள். "அங்க எவனும் எதையும் ஒட்ட முடியாது" என்றாள். கொடுமைக்காரச் சித்தி, பேராசை பிடித்த நாத்தனார், விஷம் வைக்கும் மாமியார். முப்பது வருஷம் நாடு முழுக்கச் சமையலறைகளில் அவள் குரல் கேட்டது. சந்தையில் அவள் வாயைத் திறந்து விலை கேட்டாலே, "அடிப்பாவி, அந்தக் குழந்தையை என்னடி பண்ணே?" என்று கிழவிகள் காய்கறியை ஓங்குவார்கள். அதில் அவளுக்கு ஏகப் பெருமை. சம்பாதித்ததில் ஊரில் அம்மாவுக்கு ஓட்டு வீடு கட்டிக்கொடுத்தாள். அப்பா சாகும்வரை மத்தியானத்தில் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தார் என்று அம்மா சொன்னாள். அவர் உயிரோடு இருந்தவரை அக்கா அவரோடு பேசவில்லை, சாவுக்கு மட்டும் வந்து எல்லாம் செய்தாள்.

போன வருஷம் பழைய படங்களைச் சுத்தம்செய்து திரையிடும் ஒரு குழுவிலிருந்து ஒரு படித்த பெண் வந்தாள். சலவைக்காரி படத்தின் பிரதி கிடைத்துவிட்டதாம். "முழுமையான பிரதி மேடம், வெளியூர்ல ஓடினது. அந்தச் செருகல் கூட அப்படியே இருக்கு. அது வரலாறு இல்லையா?"

எழுபத்தெட்டு வயதில் அக்கா ஊன்றுகோலைத் தரையில் இடித்த இடியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

"வரலாறா? எவன் வரலாறு? உங்கம்மாவுது அதுல இருந்தா வரலாறுன்னு சொல்வியா?"

அந்தப் பெண் பயந்துதான் போனாள், ஆனாலும் விடவில்லை. அதை நீக்கினால் நடந்த அநியாயத்தையே மறைத்தது போலாகாதா என்று கேட்டாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அக்கா போனை எடுத்து நவோத்தாஸுக்குப் பேசினாள். நெனித்தாவுக்குக் காது மந்தம், எல்லாவற்றையும் கத்திச் சொல்லவேண்டியிருந்தது. மறுமுனையிலிருந்து வந்த பதில் எங்களுக்கும் கேட்டது.

"வெட்டச் சொல்லு! எனக்குக் கொள்ளுப்பேத்தி இருக்கா. வெட்டிட்டு, ஏன் வெட்டினாங்கன்னு பெருசா எழுதிப் போடச் சொல்லு, அந்தத் திருட்டுப்பய பேரோட!"

அப்படியே செய்தார்கள். படத்துக்கு முன்னால் திரையில் அந்த வரிகள் ஓடின. முதலாளி குடும்பத்தார் வழக்குப் போடுவோம் என்று மிரட்டினார்கள். போடுங்கள் என்று அக்கா சொல்லி அனுப்பினாள், இன்னும் காத்திருக்கிறாள்.

மணிலா அரங்கில் அக்காவுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் நெனித்தா. ஆற்றங்கரைக் காட்சி வந்தது. சலவைக்காரி துணியைக் கல்லில் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கை ஓய்ந்து, துணி ஆற்றோடு போவதைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்தாள். வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்திருந்தார் வால்டெரமா. அரங்கில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் அக்காவைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். ஊன்றுகோலைத் தூக்கித் திரையை நோக்கி நீட்டினாள்.

"பாருடி சாலிங்" என்றாள், மெதுவாகப் பேசவேண்டும் என்ற நினைப்பே இல்லாமல். "எவ்வளவு நல்லா நடிச்சிருக்கேன். ஊர் ஊரா ஓடுச்சு. ஒரு நாய்கூடப் பாக்கலையே!"